திரை தருவது காற்கூறே!

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இது விஞ்ஞான யுகம் என்று மேடைதோறும் கேட்கிறோம். அந்த விஞ்ஞானம் இன்று வகுப்பறையின் வாசலைத் தாண்டி உள்ளேயும் வந்துவிட்டது. கரும்பலகைக்குப் பக்கத்தில் திரை மாட்டப்பட்டிருக்கிறது. பாடப்புத்தகத்தின் ஓரத்தில் சிறு கறுப்புக் கட்டம் அச்சாகியிருக்கிறது. ஆசிரியரின் கையில் கைக்கணினி இருக்கிறது. இவையெல்லாம் வேண்டுமா, வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்தும் காலம் கடந்துவிட்டது. வந்துவிட்ட கருவியிடம் எந்த வேலையைக் கொடுப்பது, எந்த வேலையை ஒப்படைக்கக் கூடாது என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வி நம் கல்லூரிக்கு மிகவும் நெருக்கமானது. நம்மில் பலர் பட்டம் பெற்றதும் பி.எட். படித்து ஆசிரியராகும் எண்ணம் உடையவர்கள். நானும் அந்த வரிசையில் நிற்பதால்தான் இதை எழுதத் துணிந்தேன். வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம், கான்சாபுரம் என்று மலையடிவாரத்து ஊர்களிலிருந்தும், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம்மில் ஏராளம். பாடத்தில் ஒரு சந்தேகம் என்றால் கேட்பதற்கு நம் வீடுகளில் ஆள் கிடையாது. பள்ளியில் ஆசிரியர் சொன்னது புரியாவிட்டால் அது புரியாமலேயே போய்விடும். நாளை நம் எதிரே உட்காரப் போகிற பிள்ளைகளில் பலருக்கும் இதே நிலைதான். அவர்களுக்குத் தொழில்நுட்பம் துணையாகுமா, வேடிக்கைப் பொருளாகி நிற்குமா என்பது பெரும்பாலும் நம்மைப் பொறுத்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பித்தலில் திரை காற்பங்கைச் செய்யும். சில வேளைகளில் அந்தக் காற்பங்கை ஆசிரியரைவிட நன்றாகவும் செய்யும். மீதி முக்காற்பங்கைச் செய்ய அதனால் இயலாது. அந்த முக்காற்பங்கிற்கு இடம் ஒதுக்கித் திரையைக் கையாளத் தெரிந்தவரே தொழில்நுட்பம் தெரிந்த ஆசிரியர்.

கருவிகள் வந்த கதை

வகுப்பறைக்குப் புதுக் கருவி வருவது இது முதல் தடவை அன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம், ஏ.டி.எஸ்.-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் துணையோடு ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. 'சைட்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தச் சோதனையில், பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளோடு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சியும் சேர்ந்திருந்தது. 1984-85இல் 'கிளாஸ்' திட்டத்தின் கீழ் பி.பி.சி. மைக்ரோ என்னும் கணிப்பொறிகள் நாட்டின் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987இல் 'கரும்பலகைத் திட்டம்' தொடங்கியது. செயற்கைக்கோள் வழியே பாடம் ஒளிபரப்பிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன பிறகும், ஒரு தொடக்கப்பள்ளிக்கு இரண்டு அறைகளும் இரண்டு ஆசிரியர்களும் கரும்பலகையும் வேண்டும் என்று தனியாகத் திட்டம் போட வேண்டியிருந்தது! 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கென்றே 'எடுசாட்' செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

நம் மாநிலத்தை எடுத்துக்கொண்டால், 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. 2018இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடு இடம்பெற்றது. 2019 ஆகஸ்டு 26 அன்று கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. 2023இல் 'மணற்கேணி' என்ற செயலி வந்தது. 2024இல் தொடக்க, நடுநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கும் பணியும், 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறை அமைக்கும் பணியும் தொடங்கின.

பெருமைப்படத் தக்க பட்டியல்தான், மறுப்பார் இலர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இத்தகைய பட்டியல்களில் பெட்டிகளின் எண்ணிக்கை தவறாமல் இருக்கும். அந்தப் பெட்டியைக் கொண்டு பாடம் நடத்த எத்தனை ஆசிரியர்கள் பழகினார்கள் என்ற எண்ணிக்கை அரிதாகவே இருக்கும். நான் அறிந்த பள்ளி ஒன்றில் திரைக்குத் துணியுறை தைத்துப் போட்டிருக்கிறார்கள். மேலதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் உறை நீங்கும். மறுநாள் மீண்டும் ஏறும். பழுதானால் யார் பதில் சொல்வது என்ற பயமே காரணம். அந்தத் தலைமையாசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கருவியைக் கொடுத்தவர்கள், அதைத் தைரியமாகத் தொடும் பழக்கத்தையும் சேர்த்தல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

பவணந்தியார் போட்ட கணக்கு

தொழில்நுட்பத்தைப் பற்றிய கட்டுரையில் நன்னூலுக்கு என்ன வேலை என்று அறிவியல் துறை நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்த இலக்கண நூலின் பொதுப்பாயிரம், கற்பது எவ்வாறு நிறைவு பெறுகிறது என்பதற்கு ஒரு கணக்கே போட்டுத் தருகிறது. ஆசிரியர் உரைத்ததை மாணவன் எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் அவனுக்குக் கிடைப்பது காற்கூறுதான். உடன் பயில்பவர்களோடு பழகிப் பேசுவதால் இன்னொரு காற்கூறு. மீதி அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும்.

இந்தக் கணக்கைத் திரைக்குப் பொருத்திப் பாருங்கள். உலகத்திலேயே மிகச் சிறந்த படத்தைப் போட்டுக் காட்டினாலும் அது உரைப்பது மட்டுமே. ஆகவே அது காற்பங்கு. பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காற்பங்கும், ஒரு பிள்ளை எழுந்து நின்று தன் வாயால் விளக்கிச் சொல்லும் அரைப்பங்கும் திரைக்கு வெளியே இருக்கின்றன. நாற்பது நிமிடப் பாடவேளையில் முப்பத்தைந்து நிமிடம் படம் ஓடினால், காற்பங்கிற்காக முக்காற்பங்கை விற்றவர்கள் ஆவோம்.

அதே பாயிரத்தில் திரைக்குச் சாதகமான செய்தியும் உண்டு. பாடத்தை இரண்டாம் முறை கேட்பவனுக்குப் பிழை குறையும். மூன்றாம் முறை கேட்பவன் முறையறிந்து பிறருக்குச் சொல்லவும் வல்லவனாவான் என்பது அதன் கருத்து. முன்பெல்லாம் மூன்று முறை கேட்பது ஆசிரியரின் பொறுமையைப் பொறுத்தது. அறுபது பேர் இருக்கும் வகுப்பில் "ஐயா, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்க எத்தனை பிள்ளைகளுக்குத் துணிச்சல் வரும்? பதிவு செய்த பாடம் எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காது. கூச்சமுள்ள பிள்ளைக்கு, கடைசி வரிசைப் பிள்ளைக்கு, காய்ச்சலில் இரண்டு நாள் வராத பிள்ளைக்கு இது பெரிய வரம். இதை வேண்டாம் என்று சொல்பவர் பிள்ளைகளின் நிலை அறியாதவர்.

நான்கு குற்றங்கள்

ஆசிரியராகத் தகாதவருக்கு நான்கு உவமைகளைச் சொல்கிறது நன்னூல்: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. திரையையும் ஓர் ஆசிரியராக எண்ணினால், இந்த நான்கு குற்றங்களும் அதற்கும் பொருந்துவது வியப்பாக இருக்கிறது.

கழற்சிக்காயை இட்ட குடத்தைக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் வராது; எல்லாம் கலந்து கொட்டும். கைபேசியில் 'ஒளிச்சேர்க்கை' என்று தேடிப் பாருங்கள். ஆறாம் வகுப்புக்குரியதும் நாம் கல்லூரியில் படிப்பதும் போட்டித் தேர்வுக்கானதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டும். எதை முதலில், எதைப் பிறகு, எதை இப்போதைக்கு வேண்டாம் என்று பொறுக்கி எடுப்பவர் வேண்டும். அந்தப் பொறுக்கியெடுப்பை முதல் நாள் இரவே செய்துவிட்டு வகுப்புக்கு வருவது ஆசிரியரின் கடமை.

மடற்பனை கருக்கு நிறைந்தது; ஏறவிடாது. பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. ஓடுகிற படமும் அப்படித்தான். தான் தர நினைத்ததைத் தரும். குறுக்கே கேள்வி கேட்க முடியாது. 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வந்த பிறகு இயந்திரத்திடம் கேள்வியும் கேட்கலாமே என்று நண்பர்கள் சொல்வார்கள். கேட்கலாம், கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது பதில் சொல்லும். தவறான பதிலையும் தயங்காமல் சொல்லும். தனக்கு எது புரியவில்லை என்பதே தெரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன கேட்கும்? அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேள்வியை எடுத்துக் கொடுக்க ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

பருத்திக் குண்டிகை என்பது பஞ்சு அடைத்த குடுக்கை. அடைப்பதும் சிரமம், எடுக்கும்போதும் சிறிது சிறிதாகத்தான் வரும். நூற்பாலை ஊரான இராஜபாளையத்துக்காரர்களுக்கும், மருத்துவத் துணி நெய்யும் சத்திரப்பட்டிக்காரர்களுக்கும் பஞ்சின் குணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. மலையடிவாரத்து ஊர்களில் இணைய இணைப்பும் சில நேரங்களில் இப்படித்தான். திரையின் நடுவில் சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, நாற்பது பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வேண்டியதை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்வதும், மின்சாரம் போனால் அதே பாடத்தைச் சாக்பீசால் நடத்தத் தயாராக இருப்பதும் இதற்கு மருந்து.

நான்காவதான முடத்தெங்குதான் எல்லாவற்றிலும் கொடியது. வளைந்த தென்னை, தண்ணீர் ஊற்றியவன் தோப்பில் காயைப் போடாமல் அடுத்தவன் தோப்பில் போடும். தென்னந்தோப்புகள் நிறைந்த வத்திராயிருப்பில் இந்த உவமை சிறு பிள்ளைக்கும் புரியும். வயல் வேலை செய்த கூலியில், ஆலைச் சம்பளத்தில், பிள்ளை படிக்கட்டும் என்று பெற்றோர் கைபேசி வாங்கித் தருகிறார்கள். மாதந்தோறும் பணமும் கட்டுகிறார்கள். பாடம் பார்க்கத் திறந்த கைபேசி அரைமணி நேரத்தில் குறும்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பிள்ளையை அழைத்துப் போய்விடுகிறது. நீர் ஊற்றியவர் நம் பெற்றோர். காய் விழுந்தது எங்கோ இருக்கும் கம்பெனியின் தோப்பில்! 2023இல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை, கல்வித் தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனைகளின்படி இயங்கும் கருவி என்ற கேள்வியையே தன் தலைப்பில் வைத்திருந்தது. அவர்கள் உலகம் முழுவதற்கும் கேட்ட கேள்வியை நாம் நம் தோப்பிலிருந்து கேட்கிறோம், அவ்வளவே.

ஊரடங்கு சொன்ன சாட்சி

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று யாரும் சொல்ல முடியாதபடி, நம் தலைமுறை ஒரு சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள். 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சி பாடங்களைத் தவறாமல் ஒளிபரப்பியது. அது இல்லாதிருந்தால் அந்தக் காற்பங்குகூட நம் வீடுகளுக்கு வந்திருக்காது. அந்த நன்றியை மறக்கக் கூடாது.

ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். பள்ளி திறக்கும் நேரத்தில், 2021 அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டது. மாலை நேரத்தில் தெருவிலேயே ஒரு தன்னார்வலர் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துப் படிக்கவும் பேசவும் பாடவும் செய்தார். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் திரை உரைத்த பிறகும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு மனிதர் தேவைப்பட்டார். பவணந்தியார் சொன்ன முக்காற்பங்கு வேறு என்ன?

வெளிநாட்டுச் சான்றும் உண்டு. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற முழக்கத்தோடு கிராமப் பள்ளிகளுக்கு இலட்சக்கணக்கான கணிப்பொறிகள் கொடுக்கப்பட்டன. முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் வெளியான முடிவு, கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் பிள்ளைகளின் திறன் கூடவில்லை என்று சொன்னது. இதற்கு மாறான சான்று நம் டில்லியிலேயே கிடைத்தது. பிள்ளை உண்மையில் எந்த வகுப்பு நிலையில் இருக்கிறது என்று கணித்து, அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கும் கணிப்பொறிப் பயிற்சியைப் பள்ளி நேரத்துக்குப் பின் கொடுத்தார்கள். அதோடு சிறு குழுவாக உட்கார வைத்து ஆசிரியர் உதவியும் செய்தார். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்ததாக 2019இல் வெளியான ஆய்வுக் கட்டுரை கூறுகிறது. பெருவில் பெட்டியைக் கொடுத்தார்கள். டில்லியில் பிள்ளையின் நிலையறிந்து கொடுத்தார்கள், பக்கத்தில் ஆளையும் வைத்தார்கள்.

மின்சாரமே இல்லாத தொழில்நுட்பமும் நம்மிடம் இருந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலைத்தான் சொல்கிறேன். வண்ண அட்டைகளும், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ இறக்கிய கரும்பலகையும், தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்த ஆசிரியரும் சேர்ந்ததே அந்த முறை. கரும்பலகை இரண்டடி கீழே இறங்கியதும் அது ஆசிரியருடைய பலகையாக இருந்தது போய்ப் பிள்ளைகளுடைய பலகையாயிற்று. திறன்மிகு திரையையும் அப்படி இறக்கி வைக்கத் தெரிய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

காட்டுவதும் செய்ய வைப்பதும்

"நல்ல ஆசிரியருக்குக் குரலும் சாக்பீசும் போதும்" என்று பெரியவர்கள் சிலர் சொல்வதுண்டு. அவர்கள் சாக்பீசால் அற்புதம் செய்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இதய அடைப்பிதழ் திறந்து மூடுவதையும், வாயு மூலக்கூறுகள் முட்டி மோதுவதையும் சாக்பீசால் அசைத்துக் காட்ட முடியாது. ஆய்வுக்கூடமே இல்லாத பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தக் குறை நன்றாகத் தெரியும்.

அங்கும்கூட, காட்டும் கருவியைவிடச் செய்ய வைக்கும் கருவியே மேல் என்பேன். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய 'ஃபெட்' மாதிரிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழிலும் பல உள்ளன. மின்சுற்றில் மாணவியே கம்பியை இணைக்கலாம், மின்தடையைக் கூட்டலாம், விளக்கு மங்குவதைப் பார்க்கலாம். ஜெர்மனியின் ஆஃகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' செயலி, கைபேசிக்குள் இருக்கும் உணர்விகளைக் கொண்டே முடுக்கத்தையும் ஒலியையும் அளக்கிறது. இவ்வளவும் வேண்டாம், ஒரு நூலில் கல்லைக் கட்டி, ஒரு மீட்டர் நீளத்தில் ஊசலாட விட்டு, பத்து அலைவுக்கு எத்தனை வினாடி என்று கைபேசியின் நிறுத்துக்கடிகாரத்தால் அளக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ இருபது வினாடி வரும். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டு 9.8க்குப் பக்கத்தில் விடை வரும்போது, அந்தப் பிள்ளையின் முகத்தில் தோன்றும் ஒளியை எந்தத் திரையாலும் தர முடியாது.

நம் ஊரையே பாடமாக்கவும் இந்தக் கருவிகள் உதவும். திரவ அழுத்தம் பற்றிய படங்களில் எங்கோ உள்ள அந்நிய நாட்டு அணைகள் வருகின்றன. நமக்கோ வத்திராயிருப்புக்கு மேற்கே பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள் உண்டு. பெரியாறு அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் ஏறத்தாழ 47 அடி. அதாவது 14 மீட்டருக்குச் சற்று அதிகம். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று எடுத்துக்கொண்டால், அணை நிரம்பி நிற்கும்போது அடியில் எவ்வளவு அழுத்தம், அணையை ஏன் அடியில் அகலமாகக் கட்டுகிறார்கள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சாலையில் நின்று கைபேசியில் எடுத்த ஒரு நிமிடப் படம் போதும். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையின் சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயம் அமைந்ததையும், 2021இல் அந்தக் காடு புலிகள் காப்பகத்தின் பகுதியானதையும் இப்படியே பாடமாக்கலாம். இந்தப் படங்களை வெளியூரிலிருந்து யாரும் எடுத்து அனுப்பமாட்டார்கள். எடுக்க வேண்டியவர்கள் நாம்.

கூமாபட்டி கற்றுத்தந்த பாடம்

2025 ஜூனில் நம் பக்கத்து ஊரான கூமாபட்டி தமிழகம் முழுவதும் பேசப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. ஒருவர் தம் ஊரின் அழகைப் புகழ்ந்து கைபேசியில் எடுத்துப் போட்ட படங்கள் இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தன. கூட்டம் புறப்பட்டு வந்தது. அணையில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை என்று அதிகாரிகள் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. வந்தவர்களில் பலர் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள்.

இதைச் சிரித்துவிட்டு நாம் விட்டுவிடக் கூடாது. ஒரு கைபேசியின் வலிமை எவ்வளவு என்பதையும், திரையில் காண்பதற்கும் நேரில் இருப்பதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதையும் ஒரே வாரத்தில் நமக்குக் காட்டிய நிகழ்ச்சி அது. நாளை நம் வகுப்பில் உட்காரும் பிள்ளை, வரலாற்றையும் மருத்துவத்தையும் அரசியலையும் அந்தச் சிறு திரையில்தான் முதலில் பார்க்கப் போகிறது. "இதைச் சொன்னது யார்? எப்போது எடுத்த படம்? நீ நேரில் பார்த்ததோடு ஒத்துப் போகிறதா?" என்று மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்கினால், அது பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் வாழ்நாளுக்கும் உதவும் பாடம். கூமாபட்டியை நேரில் அறிந்த பிள்ளைகளுக்கு இதைக் கற்பிப்பது எளிது.

நாம் செய்ய வேண்டியவை

குறை சொல்வது எளிது. வழி சொல்வதுதான் கடினம். என் சிற்றறிவுக்கு எட்டிய நான்கு யோசனைகளைப் பேராசிரியப் பெருமக்களின் பார்வைக்கு வைக்கிறேன்.

முதலாவது, ஆசிரியராக விரும்பும் மாணவர்கள் பி.எட். சேரும்வரை காத்திராமல், கல்லூரியிலேயே தொடங்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொருவரும் பத்து நிமிடத் தமிழ்ப் பாடம் ஒன்றைத் தயாரித்து, பக்கத்து அரசுப் பள்ளியில் அனுமதி பெற்று நடத்திப் பார்க்கலாம். பிள்ளைகள் எந்த இடத்தில் கொட்டாவி விட்டார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு வந்தால் அதுவே முதல் பயிற்சி.

இரண்டாவது, திரையை நிறுத்தக் கற்க வேண்டும். மூன்று நிமிடம் படம், பிறகு நிறுத்திவிட்டு, "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேள்வி, பக்கத்துப் பிள்ளையோடு ஒரு நிமிடப் பேச்சு, ஒருவர் எழுந்து விளக்கம், அதன் பிறகே மீதிப் படம். பி.எட். கற்பித்தல் பயிற்சியில் மதிப்பெண் போடும்போது, எத்தனை படம் காட்டினார் என்பதைவிட எத்தனை முறை நிறுத்தினார், எத்தனை பிள்ளைகளைப் பேச வைத்தார் என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கருவி வரும் ஒவ்வொரு பள்ளிக்கும் அதைத் தொட்டுப் பழகும் உரிமையும் சேர்ந்து வர வேண்டும். பழுது பார்க்கும் செலவு ஆசிரியரின் தலையில் விழாது என்ற உறுதி இருந்தால் துணியுறைகள் தாமாகவே கழன்றுவிடும். ஒரு நாள் பயிற்சி முகாமில் கையெழுத்துப் போட்டுத் தேநீர் குடித்துத் திரும்புவது போதாது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் மாதம் ஒரு முறை கூடி, யார் எந்தப் பாடத்தை எப்படி நடத்தினார் என்று காட்டிக்கொள்ள வேண்டும். உடன் பயில்வோரிடம் பெறும் காற்கூறு ஆசிரியர்களுக்கும் உரியதுதானே!

நான்காவது, நம் வட்டாரத்துப் பாடப் படங்களை ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் பொறுப்பை நம் கல்லூரி மாணவர் மன்றங்கள் ஏற்கலாம். அணை, காடு, நூற்பாலை, கைத்தறி, நெல்வயல் என்று ஒவ்வொரு துறையும் ஒன்றை எடுத்துக்கொண்டால், மூன்றாண்டில் ஒரு நல்ல தொகுப்பு உருவாகிவிடும். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. நம் எல்லாருடைய பையிலும் படக்கருவி இருக்கிறது.

ஆசிரியரின் இடம்

வருங்காலத்தில் ஆசிரியரே தேவைப்படமாட்டார் என்று சிலர் அச்சுறுத்துகிறார்கள். படம் காட்டுவதும் பாடம் ஒப்பிப்பதும் மட்டுமே ஆசிரியர் வேலை என்றால் அவர்கள் சொல்வது நடந்தாலும் நடக்கும். ஆனால் ஒரு பிள்ளை தட்டுத் தடுமாறித் தன் சொந்தச் சொற்களில் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை விளக்கும்போது, இடையில் குறுக்கிடாமல் கேட்டு, தவறிய இடத்தில் மட்டும் ஒரு சொல் எடுத்துக் கொடுக்கும் வேலையை யார் செய்வது? வீட்டில் கேட்பாரில்லாத பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் அந்த ஒரு செவிதான் எல்லாம்.

மணற்கேணி என்ற பெயரை வள்ளுவரிடமிருந்து எடுத்து ஒரு செயலிக்கு வைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். தோண்டத் தோண்ட ஊறும் கேணியைக் கல்விக்கு உவமையாக்கினார் அவர். கேணியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தாகம் தீராது. பிள்ளையின் கையில் மண்வெட்டியைக் கொடுத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். திரை மாட்டிய வகுப்பறைகள் நமக்காகக் காத்திருக்கின்றன. இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் பலர் அந்த வகுப்பறைகளுக்குள் நுழைவோம். திரையை இயக்கத் தெரிந்தவர்களாகவும், வேண்டிய நேரத்தில் அதை நிறுத்திவிட்டு, "இப்போது நீ சொல், கேட்கிறேன்" என்று ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்களாகவும் நுழைவோம், நண்பர்களே!